உறைக்குள் உறை

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட. இது சத்தமாகச் சொல்ல முடியாத கதை. அவள் சமையலறையில்தான் இருக்கிறாள். ஆனால் காதை இங்கே விட்டுவிட்டுத்தான் போயிருப்பாள்.

நான் உறை தைக்கிறவன். தலையணை உறை, மெத்தை உறை, சோபா உறை, மழைக்காலத்தில் வண்டிக்கு உறை. எதைக் கொண்டுவந்தாலும் அதற்கு ஒரு சட்டை போட்டு அனுப்புவேன். வீட்டு முன்னறைதான் கடை. தெருவில் எல்லாருக்கும் நான் உறைக்காரர்.

எனக்கு உயிர் வெண்ணெய். மற்றவர்கள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவார்கள். நான் வெண்ணெய்க்கு ரொட்டியைத் தொட்டுக்கொள்வேன். அப்படிப்பட்டவனின் ரத்தத்தை எடுத்துப் பார்த்த டாக்டர், "உங்களுக்குக் கொழுப்பு ஜாஸ்தி" என்றார்.

பக்கத்தில் இருந்த என் மனைவி, "கல்யாணமான அன்னைக்கே நான் கண்டுபிடிச்சுட்டேன் டாக்டர். ரத்தம்கூட எடுக்கல" என்றாள்.

டாக்டர் சிரித்த சிரிப்பில் எனக்கு இன்னும் கொஞ்சம் கொழுப்பு ஏறியிருக்கும். வெண்ணெய், கிரீம் எல்லாவற்றையும் குறைத்துவிட்டு, அந்த இடத்தில் தயிரைப் போட்டுச் சமைக்கச் சொன்னார். அவர் குறைக்கத்தான் சொன்னார். இவள் ஒழித்தேவிட்டாள்.

உருளைக்கிழங்கு மசித்தால் வெண்ணெய் இருந்த இடத்தில் தயிர். கேக்கில் தயிர். சூப்பின் தலையில் தயிர். அதுவும் அடுப்பை அணைத்து, தயிரை நன்றாக அடித்துத்தான் ஊற்றுவாள். கொதிக்கும்போது ஊற்றினால் திரிந்துவிடுமாம். கேட்காமலே எனக்குப் பாடம் வேறு.

ரொட்டிக்கு என்ன செய்வாள், பார்க்கலாம் என்று இருந்தேன். என் கடையிலிருந்தே மெல்லிய துணி ஒன்றை எடுத்தாள். தயிரை அதில் மூட்டை கட்டிக் குழாயில் தொங்கவிட்டாள். தண்ணீரெல்லாம் வடிந்து, தயிர் களிமண் மாதிரி கெட்டியாக நின்றது. உப்பும் மிளகும் போட்டு ரொட்டியில் தடவிக் கொடுத்தாள். உண்மையைச் சொன்னால் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்வதற்காகவா கல்யாணம் பண்ணிக்கொண்டேன்?

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "இந்த வீட்டுக்குள்ள இனிமே வெண்ணெயே வராதா?"

"வரும்."

"எப்ப?"

"தயிர் தீர்ந்து, உறை ஊத்தக்கூட ஒரு சொட்டு இல்லாத அன்னைக்கு. அன்னைக்கு நானே கடைக்குப் போய் வாங்கிட்டு வரேன்."

"பேச்சு மாற மாட்டியே?"

"நான் என்னைக்குங்க மாறியிருக்கேன்?"

எனக்கு இருந்த பயமும் அதுதான்.

ஆனாலும் வழி கிடைத்துவிட்டது. கடைத் தயிரை அவள் தொடமாட்டாள். வீட்டுத் தயிருக்கு உறை ஊற்ற, முதல் நாள் தயிரில் ஒரு கரண்டி வேண்டும். அந்தக் கரண்டியையும் நானே சாப்பிட்டுவிட்டால்? நாட்டையே பிடித்த மாதிரி இருந்தது எனக்கு.

அந்த நேரம் பார்த்து அவள் ஒரு வேலை கொடுத்தாள். சின்னக் கிண்ணம் ஒன்றைக் கொண்டுவந்து, இதற்கு ஓர் உறை வேண்டும், உள்ளே பஞ்சு வைத்து, சூடு போகாமல், மேலே மூடி பட்டன் போடுகிற மாதிரி என்றாள். யாருக்கு என்று கேட்டேன். வேண்டியவங்களுக்கு என்றாள். நானும் கிண்ணத்துக்கு அளவெடுத்து, வேலைப்பாடெல்லாம் பண்ணி அழகாகத் தைத்துக் கொடுத்தேன். அவர்கள் வந்து கேட்கிறவரைக்கும் உங்க அலமாரியிலேயே இருக்கட்டும் என்று, இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். நான் அதை மறந்தே போனேன்.

என் மனசெல்லாம் தயிர்ப் பானையில் இருந்தது. அன்று முதல், மிச்சம் எவ்வளவு இருந்தாலும் கடைசிச் சொட்டுவரை காலி பண்ணினேன். விரலால் வழித்தேன். பானையைக் கவிழ்த்துத் தட்டினேன். தயிரைத் தின்று தின்று வயிற்றில் வேறெதற்கும் இடமில்லை. அவளோ, "ருசி பிடிச்சுப்போச்சா?" என்று கேட்டுவிட்டுப் பெரிய பானைக்கு மாறினாள்.

மறுநாள் பார்த்தால் பானை நிறையத் தயிர். தினமும் இதே கதை.

பக்கத்து வீட்டில்தான் உறை வாங்குகிறாள் என்று முடிவுகட்டினேன். அங்கே இருப்பவர் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற டிரைவரண்ணன். வாசலிலேயே அவரைப் பிடித்தேன்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரி வந்து உறை கேட்டா குடுக்காதீங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்ககிட்ட இல்லாத உறையா எங்ககிட்ட இருக்கப்போகுது?"

"அந்த உறை இல்லண்ணே. இது ஊத்துறது."

"ஓ. இப்ப ஊத்திக்கிற பழக்கமும் வந்துருச்சா?"

நான் குடிக்க ஆரம்பித்துவிட்டேன் என்று சாயங்காலத்துக்குள் தெருக்கோடி வரைக்கும் சேதி போய்விட்டது. போனால் போகட்டும். உள்ளேயிருந்து டிரைவரண்ணன் மனைவி சொன்னதுதான் எனக்கு இடி. என் மனைவி அங்கே போய் உறை கேட்டதே இல்லையாம். அவர்கள்தான் எங்கள் வீட்டில் வாங்குகிறார்களாம்.

சரி, கண்ணாலேயே பார்த்துவிடுவது. ஒரு நாள் கடையைச் சாத்திவிட்டுச் சமையலறையிலேயே முக்காலி போட்டு உட்கார்ந்தேன். பானையை நானே காலி பண்ணி, நானே கழுவிக் கவிழ்த்தேன். யாரும் வரவில்லை, அவளும் வெளியே போகவில்லை. ஆடை எடுத்த பாலைக் காய்ச்சி ஆறவைத்தாள். விரல் வைத்துச் சூடு பார்த்தாள்.

"பால் ரெடி. உறை எங்க?" என்றேன் நான். "செருப்பை மாட்டு. கடை மூடுறதுக்குள்ள வெண்ணெயை வாங்கிட்டு வா."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு என் கடை அறைக்குள் போனாள். நானும் பின்னாலேயே போனேன், நழுவுகிற பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டே. கொஞ்ச நாளாகவே அது அப்படித்தான் நழுவுகிறது. துணி நைந்துபோச்சு என்று நினைத்திருந்தேன்.

அலமாரியில், இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த உறையை எடுத்துப் பட்டனைக் கழற்றினாள். உள்ளே கிண்ணம். கிண்ணம் நிறையத் தயிர். கத்தி வைத்தால் வெட்டலாம், அப்படி உறைந்திருந்தது. தினமும் காலையில் என் கடையைக் கூட்டுகிறேன் என்று அவள் புதுசாக வந்து நின்றது ஏன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அதைப் பாசம் என்றல்லவா நினைத்தேன்.

"என் அலமாரியிலேயே ஒளிச்சு வச்சியா?"

"ஒளிக்கலைங்க. பட்டன் போட்டு வச்சேன். தைச்சது நீங்கதான்."

போய்ப் பாலில் ஒரு கரண்டி விட்டுக் கலக்கி மூடினாள். திரும்பி வந்து, என் கழுத்தில் கிடந்த டேப்பை உருவி, என் இடுப்பைச் சுற்றி அளந்து பார்த்தாள்.

"நானாத் தட்டுல போட்டுக் குடுத்திருந்தா தினமும் இவ்வளவு தயிர் சாப்பிட்டிருப்பீங்களா?" என்றாள். "இந்த உறையும் பெருசாப் போச்சு. நாளைக்குப் பிடிச்சுத் தைச்சுக்கங்க."

சொல்லிவிட்டு, குழாயில் காய்ந்துகொண்டிருந்த தயிர் வடிகட்டுகிற துணியை எடுத்துவந்து, என் பேன்ட் நழுவாமல் இடுப்பில் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டாள்.