ஊரி சேரும் என் பல் அச்சுப் பசையும்

ஊரி சேர் என் பிழைப்பைக் கெடுக்கத்தான் கல்முனைப் பக்கம் வந்திருக்கிறார் என்று நான் மனதார நம்பினேன். உலகத்திலேயே ஓர் எறும்புக்கும் தீங்கு செய்யத் தெரியாத ஒரே மனிதரைப் பற்றித்தான் இந்த நம்பிக்கை.

நான் பொய்ப்பல் கட்டுபவன். அவர் எங்கோ பல்கலைக்கழகத்தில் படிப்பித்து ஓய்வு பெற்று, சாய்ந்தமருதில் வாடகைக்கு இருந்தவர். கடற்கரையில் ஊரி என்கிற சின்னச் சங்குகளையும் சிப்பிகளையும் பொறுக்கிய வாத்தியார் என்பதால் 'ஊரி சேர்'. சலாம் சொன்னால் மணலைப் பார்த்தபடியே பதில் வரும். ஒரு கல்யாண வீட்டில், சஹன் என்ற பெரிய சாப்பாட்டுத் தட்டைச் சுற்றியிருந்த நாங்கள் எல்லாரும் இறைச்சிக்குக் கை நீட்ட, அவர் மட்டும் சோற்றில் கிடந்த கல்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "சாதாரணக் கல்," என்று கவலையோடு கீழே வைத்தார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் கடைக்கு வந்து, பல் அச்செடுக்கும் பசைத்தூள் ஒரு டப்பா கேட்டார். பிறகு இன்னொன்று. அடுத்த முறை அதைக் குழைக்கும் விதத்தையும் கேட்டார்.

"புள்ள, ஊரி சேர் பல்லுக்கடை போடப் போறார்!" என்றேன் மனைவியிடம்.

"அவர்ட சட்டைக்கே பொத்தான் இல்ல. அவரா கடை போடப் போற? சும்மா இரிங்க."

சும்மா இருக்க முடியவில்லை. ஊரே அவர் கட்டிய பல்லால் என்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல் கனவு வந்தது. மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு நேரே அவர் வீட்டுக்குப் போய்விட்டேன். மேசை முழுக்கக் கற்கள்.

"பல்லெல்லாம் எங்க சேர்?"

"என்ன பல்லு காக்கா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

விஷயம் வேறு. நடுச்சமுத்திரத் தீவொன்றிலிருந்து வந்த பாறைத் துண்டுகளாம் அவை; உள்ளே ஆதிகாலத்து ஊரிகள் புதைந்திருந்தனவாம். ஓடு கரைந்து, அது கிடந்த குழி மட்டும் கல்லில் மிச்சம். குழிக்குள் என் பசையை அடைத்து, இறுகியதும் இழுத்தால் ஊரியின் உருவம் வரும். அதை வைத்து இனம் சொல்ல வேண்டும்.

"முனை முறிஞ்சி, வரியெல்லாம் தேஞ்சி போயிட்டு. ஆள் ஆரெண்டு மட்டுக்கட்ட ஏலாம இரிக்கி," என்றார்.

அவர் குழைத்த பசையைப் பார்த்தேன். தொழில்காரன் கை சும்மா இருக்குமா?

"தள்ளுங்க சேர். தண்ணி கூடிட்டு."

நானே குழைத்து அடைத்தேன். இளஞ்சிவப்பில், மெல்லிய வரிகளோடு, முறுக்கிக்கொண்டு ஓர் ஊரி வெளியே வந்தது. அவர் லென்ஸை வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"பேர் தெரிஞ்சிட்டா?"

"குடும்பம் தெரியிது. பேர் தெரியா." முகமெல்லாம் பூரிப்பு.

"இதுக்கா சேர் இவ்வளவு பாடு?"

"நேத்து குடும்பமும் தெரியாதே காக்கா!"

அவர் பல்லுக்கடை திறக்கவில்லை. அவர் ஊரைவிட்டுப் போகும்வரை, ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் என் கடையைத் திறக்காமல், நான்தான் அவர் வீட்டுக்குப் பசை குழைக்கப் போய்க்கொண்டிருந்தேன்.