வராந்தாவுக்கு வந்த அரசாங்க நாற்காலிகள்

எங்கள் பள்ளிக்கு எதிராக வாதாடி வென்ற வழக்கறிஞரும் எனக்கு ஒரே மகளுமான உனக்கு, தலைமையாசிரியரும் அப்பாவுமான நான் ஆசிகளோடு எழுதுவது. இங்கே இருவரும் நலம். தனக்கு உடம்பு சரியில்லை என்று எழுதச் சொன்னாள் உன் அம்மா. எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் பொய் எழுதிக் கொடுக்க எனக்குத் தைரியமில்லை, ஆகவே நலம்.

நம் சமயப் பள்ளிக்கு வரும் அரசு உதவி கணக்குப் பாடத்துக்கும் அறிவியலுக்கும்தான், அந்தப் பணத்தில் வாங்கிய எதையும் வழிபாட்டுக்குத் தொடக் கூடாது என்று நீ தீர்ப்பு வாங்கினாலும் வாங்கினாய், இங்கே படுகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. அரசுப் பொருளுக்கெல்லாம் நீலப் பெயின்ட் அடித்தோம். பார்த்தால் பள்ளி மணியும் நீலம். அதனால் வழிபாட்டுக்குக் காவலாளி கைதட்டிக் கூப்பிடுகிறார். யாருக்கோ பரிசு என்று நினைத்துப் பிள்ளைகளும் சேர்ந்து தட்டுகிறார்கள். மின்விசிறி நின்றுவிடுகிறது, நாற்காலிகள் வராந்தாவுக்கு வந்துவிடுகின்றன. காவலாளிக்குப் பாதிச் சம்பளம் அரசு, பாதி நிர்வாகம் என்பதால் அந்த நேரத்தில் கேட்டில் ஒரு கதவைத்தான் திறக்கிறார். இதையெல்லாம் சரிபார்க்க வந்த ஆய்வாளர் வழிபாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது வழிபாட்டு நேரம் வந்துவிட்டது. காவலாளி, "மன்னிக்கணும் ஐயா, கோர்ட் உத்தரவு" என்று நாற்காலியை உருவிவிட்டார். தரையில் இருந்தபடியே ஆய்வாளர், விதிகள் முழுமையாகப் பின்பற்றப்படுகின்றன என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

என் சம்பளமும் அரசுச் சம்பளம்தானே. ஆகவே நானும் வராந்தாவில்தான், நாற்காலிகளோடு. உள்ளே பிள்ளைகள் பாடுகிறார்கள். இங்கே படித்த காலத்தில் அந்தக் கூடத்தில் நீ முன்வரிசையில் நிற்பாய். வரி மறந்தால் உதட்டை மட்டும் அசைப்பாய். வெளியே எனக்கு வேறு வேலை கிடையாது, உன் நினைப்புதான். வழக்கு நடக்கும்போது எதிர்த்தரப்பு வீட்டில் தங்குவது முறையில்லை என்றாய். சரி. வழக்கு முடிந்தும் வரவில்லையே அம்மா. அப்பாவுக்குக் கோபம் என்று நினைக்கிறாயா? கோபம்தான், இல்லையென்று யார் சொன்னது. கோபக்காரனை ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போகக் கூடாதா? பேப்பரில் வந்த உன் படத்தை அம்மா அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். "ஜெயிச்சவ மூஞ்சியாங்க இது, சாப்பிட்டாளான்னே தெரியலையே" என்று தினமும் அதன் முன்னால் நிற்கிறாள். நான் பள்ளி வாசலில் பஸ் நிற்கும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறேன். உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அதற்காக வழக்கை விட்டுவிடுவேன் என்று எண்ணாதே. காவலாளி யார் பக்கம் என்று தீர்ப்புக்கு விளக்கம் கேட்டு, நம் ஊர்க் கோர்ட்டிலேயே மனுப் போட்டிருக்கிறேன். இது பள்ளியின் மானப் பிரச்சினை. தயவு தாட்சண்யம் எதிர்பார்க்காமல் வந்து சேர். இந்த வாதத்தில் மட்டும் நீ தோற்று, மற்ற எல்லாவற்றிலும் குறைவின்றி இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மனுதாரர், அப்பா.

பி.கு.: தீர்ப்பில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. நீ வாதாடியதைப் படித்தேன். நியாயம் உன் பக்கம்தான். மனுப் போட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் நேரில் வந்தே ஆக வேண்டும் என்று எங்கள் வக்கீல் சொன்னார், போட்டுவிட்டேன். காவலாளி விஷயம் முதல் வாய்தாவுக்கு. அடுத்தடுத்த வாய்தாக்களுக்கும் சந்தேகங்கள் யோசித்து வைத்திருக்கிறேன்.