சம்பந்தியின் நாயும் என் முதலுதவியும்

எனக்குப் பயப்படத் தெரிந்த அளவுக்கு வேறு எதுவும் உருப்படியாகத் தெரியாது. குழந்தை தும்மினால் நிமோனியா என்பேன். வாசலில் சைக்கிள் மணி அடித்தால் தந்தி என்பேன். ரயில் கொஞ்சம் தாமதமானால் விபத்தேதான். (இத்தனைக்கும் நான் விழுப்புரம் ரயில் நிலையத்தில் கூட்ஸ் குமாஸ்தா. எந்த ரயில் நேரத்துக்கு வந்தது?) இப்படிப்பட்டவன் சம்பந்தி வீட்டு நாயைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொள்ளலாமா? ஒப்புக்கொண்டேன்.

என் பெண் சரசுவைத் திண்டிவனத்தில் கொடுத்திருந்தோம். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சம்பந்திக்கு அங்கே மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மொத்த வியாபாரம். மண்டியில் விலை கூவிக் கூவி அவர் தொண்டை அப்படியே ஆகிவிட்டது. வீட்டில் அவர் "தண்ணி குடும்மா" என்றால் பக்கத்து வீட்டிலிருந்து செம்பு வரும். அந்தக் குரல் தணிவது ஒரே ஒரு ஜீவனிடம்தான்: டாமி. பழுப்பு நிறம், பூசணிக்காய் உடம்பு, ஜமீன்தார் நடை.

குடும்பத்தோடு ராமேசுவரம் கிளம்பியவர்கள் டாமியை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். ரயில் ஜன்னல் வழியாகச் சம்பந்தி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தி, டாமி எனக்கு மூத்த புள்ள மாதிரி. அவனுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா..."

அதற்குள் ரயில் கிளம்பிவிட்டது. மீதி வாக்கியத்தை நானே முடித்துக்கொண்டேன். அதில் சரசு கையில் டிரங்குப் பெட்டியோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

மறுநாள் காலை டாமியை இழுத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"நாய்க்கு என்ன?" என்றார் டாக்டர்.

"ஒண்ணும் இல்லீங்க சார்."

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

"ஏதாவது ஆயிடுமோன்னுதாங்க. ஆயிட்டா உடனே என்ன செய்யணும்னு தெரிஞ்சிக்கினு போலாம்னு..."

டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பரிசோதிக்க வேண்டியது நாயை அல்ல என்று நினைத்திருப்பார். ஆனாலும் நல்ல மனுஷர். டாமியை மேஜைமேல் ஏற்றிச் சொல்லிக் கொடுத்தார். "அடிபட்ட நாய் வலியில சொந்தக்காரனையே கடிக்கும். அதனால முதல்ல வாயைக் கட்டணும். மூக்குக்கு மேல ஒரு சுத்து, தாடைக்குக் கீழ ஒரு முடிச்சு, காதுக்குப் பின்னால ஒரு முடிச்சு. ரத்தம் வந்தா சுத்தமான துணி வெச்சு அழுத்திக் கட்டுங்க. எலும்பு முறிஞ்சா பட்டைக் குச்சி வெச்சுக் கட்டுங்க. கம்பளி போத்தி, பலகையில வெச்சுத் தூக்கிக்கினு வாங்க. கழுத்தைத் தடவிக் கொடுத்து மெதுவா பேசுங்க." மூச்சுத் திணறும் நாய்க்கும் மயங்கிய நாய்க்கும் வாயைக் கட்டவே கூடாது என்றும் சொன்னாராம். அந்த நேரம் பார்த்து ஓர் உழவு மாடு என் பிடரியில் மூச்சு விட்டது. அந்தப் பாடம் மட்டும் என் காதில் ஏறவில்லை.

அன்று முதல் வீட்டுத் தலையணைகள் எல்லாம் வாய் கட்டப்பட்டுக் கிடந்தன. என் மனைவி கமலம் தலையில் அடித்துக்கொண்டாள். "அந்த நாயி சிவனேன்னு தின்னுட்டுத் தூங்குது. உங்களுக்கு ஏன் இந்தப் பேஜாரு?"

அவர்கள் திரும்பி வரும் நாள் வந்தது. ராமேசுவரம் போய் வருகிறவர்களை வாசலில் நிறுத்தி ஆரத்தி எடுக்க வேண்டும் என்று கமலம் ஒரு தாம்பாளத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துப் பின்கட்டில் வைத்திருந்தாள். நல்ல ரத்தச் சிவப்பு. வாழை இலை வாங்கக் கடைக்குப் போயிருந்த எனக்கு இது தெரியாது. டாமிக்குத் தெரிந்தது. தாம்பாளத்தைக் கவிழ்த்து, ஈரத் தரை ஜிலுஜிலுவென்று இருக்கவே, அதிலேயே மல்லாந்து தூங்கிவிட்டது.

நான் இலையோடு பின்கட்டுக்கு வந்தேன். நாய், சுற்றிலும் சிவப்பு, நான்கு காலும் வானத்தைப் பார்த்து.

டிரங்குப் பெட்டி கண்முன் வந்தது. ஆனால் பாடம் மறக்கவில்லை. முதலில் வாய்! சம்பந்தியம்மாவுக்கு வைத்துக் கொடுக்க எடுத்து வைத்திருந்த புது ரவிக்கைத் துணியால் கட்டினேன். டாமி விழித்துக்கொண்டு உதறியது. (இழுப்பு வந்துவிட்டது!) காலில் கரண்டிக் காம்பு வைத்துக் கட்டினேன். வயிற்றைச் சுற்றி என் வேட்டியைச் சுற்றினேன். (உள்ளே அரை நிஜார் இருந்தது, அதுவும் சொல்லிவிடுகிறேன்.) கம்பளி போர்த்தி, சம்பந்தி உட்காருவதற்காகக் கோலம் போட்டு வைத்திருந்த மணையில் கிடத்தி, தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது. சம்பந்தி இறங்கினார். மணையைப் பார்த்தார். கம்பளிக்கு வெளியே தெரிந்த சிவந்த வாலைப் பார்த்தார்.

"டாமி!" என்றார். அது ஜங்ஷன்வரை கேட்டிருக்கும். அப்படியே சாய்ந்துவிட்டார்.

மயக்கம்! எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே பாடம். மணையை இறக்கினேன். என் தோளில் கிடந்த துண்டை உருவினேன். மூக்குக்கு மேல் ஒரு சுற்று, தாடைக்குக் கீழ் ஒரு முடிச்சு, காதுக்குப் பின்னால் ஒரு முடிச்சு. சம்பந்தி கண் திறந்து "ம்ம்ம்!" என்றார். நான் அவர் கழுத்தைத் தடவி, "உஸ்... உஸ்... நல்ல பையன். ஒண்ணும் இல்லடா கண்ணா" என்றேன்.

"ஐயையோ, என்னாங்க பண்ணிக்கினு இருக்கீங்க? அவரு சம்பந்திங்க!" கமலம் கையில் வடைக் கரண்டியோடு ஓடி வந்தாள். மணையைப் பார்த்தாள். "அந்த நாயிக்கு எதுக்குக் கட்டு? ஆரத்தித் தட்டை உருட்டிட்டு வந்திருக்குது!"

சரசு விறுவிறுவென்று டாமியின் வாய்க்கட்டை அவிழ்த்தாள். அது கரண்டிக் காலோடு டக்டக்கென்று ஓடிவந்து சம்பந்தியின் முகத்தை நக்கியது. ஆனால் துண்டு முடிச்சு அவிழவில்லை. அத்தனை தலையணைகளில் பழகிய முடிச்சு ஆயிற்றே! மாப்பிள்ளை ஒரு பக்கம், வண்டிக்காரர் ஒரு பக்கம் போராடினார்கள். என் பெண் வெளுத்த முகத்தோடு மாமியாரையே பார்த்துக்கொண்டு நின்றாள். நானும்தான்.

சம்பந்தியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்துச் சிரித்துத் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அடியே சரசு! கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இவரு வாயைக் கட்ட ஒரு ஆளு வராதான்னு கெடந்தேன். உங்கப்பா வந்துட்டாருடி!"

முடிச்சு அவிழ்ந்ததும் சம்பந்தி வாயைத் திறந்தார். எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டோம். அவரோ மெல்லிய குரலில், "டாமிக்கு ஒண்ணும் இல்லியே?" என்று மட்டும் கேட்டார். அவ்வளவு தணிந்த குரலை டாமியைத் தவிர அவர் வீட்டில் யாரும் அதற்கு முன் கேட்டதில்லையாம்.

ஊருக்குப் போகும்போது சம்பந்தியம்மா அந்தத் துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். திண்டிவனத்தில் கூடத்து ஆணியில் அது இன்றும் தொங்குகிறது. மாமனார் குரல் ஏறினால் சரசு ஆணியைப் பார்க்கிறாள், குரல் இறங்கிவிடுகிறது. நான் போனால் டாமி கட்டிலுக்கு அடியில் போய்விடும். சம்பந்தி, "வாங்க டாக்டர்" என்று ஓர் எட்டுப் பின்னால் நகர்ந்தே வரவேற்கிறார்.

நான் மட்டும் இன்னும் அந்த ஆணிப் பக்கம் திரும்புவதில்லை. ஆனால் கமலம் சொல்வது சரிதான்: பெண்ணுக்கு நாங்கள் செய்த சீரிலேயே தினமும் பயன்படுவது அந்தத் துண்டு ஒன்றுதான்.