சேலைக்குள் போன மவுஸ்

ஒரே ஒரு வார்த்தையைச் சொல்லி ஒரு ஜவுளிக்கடையைக் காலி செய்ய முடியும். நான் செய்திருக்கிறேன். அதுவும் ஆவணி மாத முகூர்த்தங்களுக்கு முந்தைய வெள்ளிக்கிழமையில், மதுரை விளக்குத்தூண் பக்கம் கால் ஊன்ற இடமில்லாத நேரத்தில். காலியானது வேண்டாதவர் கடை என்றால் இன்றுவரை பெருமையடித்துக்கொண்டு திரிந்திருப்பேன். எங்கள் அப்பாவின் கடை.

அப்போது நான் எம்.சி.ஏ. முடித்திருந்தேன். (நான் அதை முடித்தேன் என்பதைவிட, அது என்னை ஒருவழியாக விட்டுத் தொலைத்தது என்பதே சரி.) சென்னைக்கும் பெங்களூருக்கும் அனுப்பிய விண்ணப்பங்களுக்குப் பதில் இல்லை. வீட்டில் என் ஜாதகத்தைத் தூசி தட்டி எடுத்து வைத்திருந்தார்கள். தப்பிக்க வேறு வழி தெரியாமல், கடையில் கம்ப்யூட்டர் வைத்து நான் உட்காருகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். எங்கள் கடையில் அதுவரை பெண்கள் உட்கார்ந்தது வாங்க வந்தவர்களுக்கான பெஞ்சில்தான். கவுண்டருக்கு உள்பக்கம் ஆண்கள் ராஜ்ஜியம். அப்பா தீபாவளி வரைக்கும் பார்க்கலாம் என்றார். அதற்குள் கம்ப்யூட்டரால் கடைக்கு ஒரு பிரயோசனமும் இல்லை என்றால் நான் வீட்டுக்குப் போய்விட வேண்டும். ஜாதகம் வெளியே போகும்.

ஒரு டிஜிட்டல் கேமராவை இரவல் வாங்கி, கடையிலிருந்த பட்டுச்சேலைகளை எல்லாம் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். "இதே பார்டர்ல மாம்பழக் கலர் இருக்கா?" என்று யாராவது கேட்டால், அடுக்கையே சரித்துப் போட வேண்டியதில்லை. திரையில் காட்டிவிடலாம். இதனால் அதிகம் பலனடையப் போவது முத்தண்ணன் என்று நினைத்தேன். சேலையைப் பிரித்துப் போடுவதும் மடித்து அடுக்குவதும் அவர் வேலை. அவர் வாய் ஒரு பக்கம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும், கை தன் பாட்டுக்கு மடித்துக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. ஒருமுறை வாங்க வந்தவரின் தோள்துண்டையே மடித்து அடுக்கில் வைத்துவிட்டார்.

ஆனால் கம்ப்யூட்டரோடு வந்த மவுஸின் ஒயர் முதல் நாளே தகராறு செய்தது. கவுண்டரில் ஒரு சேலையை விரித்தால் ஒயர் அதன் ஜரிகையில் மாட்டும். முத்தண்ணன் சேலையை இழுப்பார், மவுஸ் பறந்து போய் கவுண்டருக்கு வெளியே தொங்கும். ஒரு அம்மாவின் வளையலில் ஒயர் சிக்கி, அதை எடுப்பதற்குள் அவர் எதற்கு வந்தோம் என்பதையே மறந்து எழுந்து போய்விட்டார்.

இந்தப் புலம்பலைக் கேட்டு, பெங்களூரில் வேலை பார்த்த பெரியப்பா மகன் ஒயர் இல்லாத மவுஸ் ஒன்றை வாங்கி வந்து கொடுத்தான். கருப்பாக, வழவழவென்று, உள்ளங்கைக்குள் அடங்குவதாக இருந்தது. அடிவயிற்றில் சிவப்பு விளக்கு எரியும். நான் தலைகால் புரியாமல் ஆடினேன். இனி எந்தச் சேலையும் மாட்டாது, பெஞ்சில் உட்கார்ந்தபடியே படத்தை மாற்றலாம், வாங்க வந்தவர்கள் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம் என்று கடையில் எல்லோருக்கும் வகுப்பெடுத்தேன். சாப்பிடப் போகும்போதுகூட அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போவேன். (அப்போது என்னிடம் செல்போன் இல்லை. அந்தக் குறைக்கு இது.)

அப்பாவுக்கு அதைக் கண்டாலே ஆகவில்லை. செல் போட்டால்தான் ஓடும் என்றால் இது என்ன டார்ச் லைட்டா என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அது செல்லைப் பக்கோடா மாதிரித் தின்றது. ஒருநாள் அவசரத்துக்குக் கல்லாவுக்கு மேலிருந்த கடிகாரத்தின் செல்லைக் கழற்றிப் போட்டுவிட்டேன். கடை ஆட்கள் நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் மணி பதினொன்றரை. அன்று ஒருவரும் நேரத்துக்குச் சாப்பிடவில்லை.

இன்னொரு கோளாறும் இருந்தது. எங்கள் கவுண்டரின் மேல்பலகை கண்ணாடி. அந்த மவுஸ் கண்ணாடியில் ஓடாது. அடியில் துணி எதையாவது விரித்தால் சமர்த்தாக ஓடும். துணிக்கா எங்களுக்குப் பஞ்சம்? கைக்கு அகப்பட்ட சேலை ஒன்றை இழுத்துப் போட்டு, அதன் மேல் மவுஸை ஓட்டுவேன். எல்லாம் அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும்தான்.

அன்று பேரையூரிலிருந்து வேனில் ஒரு கல்யாண வீடு வந்திறங்கியது. மணப்பெண், அவள் அம்மா, அத்தை, மாப்பிள்ளையின் அம்மா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான பெண்ணின் பெரியப்பா, அது போக எதற்கு வந்தோம் என்று தெரியாத பத்துப் பேர். பேரையூர்க்காரர்கள் ஒரு கடையில் முகூர்த்தப்பட்டு எடுத்துவிட்டால் அந்த வம்சத்துக்கே அதுதான் கடை. அப்பா கல்லாவிலிருந்து எழுந்து வந்து எல்லோருக்கும் குடிக்கக் கலர் சோடா சொன்னார். என்னைப் பார்த்த பார்வையில், தீபாவளி இன்றைக்குத்தான் என்று எழுதியிருந்தது.

பெண்ணுக்கு மாம்பழ மஞ்சள் வேண்டும். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அரக்குதான் வேண்டும். இரண்டு தரப்புக்கும் நடுவில் சேலைகள் மலையாகக் குவிந்தன. நான் ஒரு சுங்குடிச் சேலையை இழுத்துப் போட்டு, அதன் மேல் மவுஸை வைத்து, ஒவ்வொரு படமாகக் காட்டினேன். அரக்கு உடம்பும் மாம்பழக் கரையுமாக ஒரு சேலை திரையில் வந்தபோது இருவருமே பேச்சை நிறுத்தினார்கள். எனக்குப் புல்லரித்துவிட்டது. அந்தச் சேலையைத் தேடி எடுக்க நானே பின்னால் திரும்பி அலமாரியில் கை விட்டேன்.

சேலையோடு திரும்பினால் மவுஸைக் காணோம்.

குவியலை இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தேன். இல்லை. ஆனால் திரையில் அம்புக்குறி மட்டும் துள்ளிக்கொண்டிருந்தது. படங்கள் தானாக மாறின. பெண்ணின் அம்மா, "என்னத்தா, இது பாட்டுக்குத் தானா ஓடுது?" என்று சற்றுப் பயந்த குரலில் கேட்டார். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. முத்தண்ணன் கை ஏதோ ஒரு சேலையோடு சேர்த்து அதையும் மடித்துவிட்டது.

நாங்கள் சௌராஷ்டிரர்கள். வீட்டில் எங்கள் மொழிதான் பேசுவோம். அதில் அப்பாவிடம் ரகசியமாகச் சொல்லியிருந்தால் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். ஆனால் முத்தண்ணனுக்கு எங்கள் மொழி தெரியாது. அதனால் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி தமிழில் சொன்னேன்.

"முத்தண்ணே, சேலைக்குள்ள மவுஸ் போயிருச்சு."

பெஞ்சில் ஒருவரும் அசையவில்லை. மவுஸ் என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியவில்லை. அத்தோடு போயிருக்கும். தலைமையாசிரியர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற தெளிவோடு சொன்னார்:

"மவுஸ்னா எலி. சேலைக்குள்ள எலி போயிருச்சுங்குது அந்தப் பாப்பா."

அவ்வளவுதான். மாப்பிள்ளையின் அம்மா பெஞ்சு மேல் ஏறினார். அவர் ஏறியதைப் பார்த்துப் பெண்ணின் அம்மாவும் ஏறினார். பெண்ணின் அத்தை மடியில் வைத்திருந்த துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு கவுண்டர் மேலேயே ஏறிவிட்டார். பக்கத்துப் பெஞ்சில் உள்பாவாடை பார்த்துக்கொண்டிருந்த உசிலம்பட்டிக்காரர்களும், எதற்கு என்று கேட்காமலே ஓடினார்கள்.

ஜவுளிக்கடைக்காரனுக்கு நெருப்புக்கு அடுத்த பயம் எலிதான். அப்பா துணி அளக்கும் இரும்புக் கோலை உருவிக்கொண்டு வந்து சேலைக் குவியலைச் சாத்த ஆரம்பித்தார். அடி விழ விழ, திரையில் அம்புக்குறி துள்ளியது. குவியலுக்குள்தான் மவுஸ் இருக்கிறது, அடுத்த அடியில் நொறுங்கிவிடும் என்று நான் குறுக்கே கையை நீட்டினேன்.

"அடிக்காதீங்கப்பா, அது என்னோட எலி. பெங்களூர்லருந்து வந்தது" என்றேன்.

அந்தக் கடையில் அந்த நேரத்தில் சொல்லக்கூடாத ஒரு வாக்கியத்தைத் தேடியிருந்தால்கூட இதைவிடப் பொருத்தமாகக் கிடைத்திருக்காது. பெஞ்சு மேல் நின்றபடியே மாப்பிள்ளையின் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். தலைமையாசிரியர் அப்பாவிடம் வந்து, எலி புகுந்த பட்டைக் கட்டிக்கொண்டு மணவறையில் உட்காருவது நன்றாக இருக்காது என்று மரியாதையாகத்தான் சொன்னார். பிறகு எல்லோரையும் எண்ணிக் கூட்டிக்கொண்டு, தெருவைக் கடந்து எதிர்க்கடைக்குள் போனார்.

எதிர்க்கடைக்காரரும் அப்பாவும் பல வருடமாக முகம் கொடுத்துப் பேசியதில்லை. அவரே வாசலுக்கு வந்து கைகூப்பி வரவேற்பதை நாங்கள் இங்கிருந்து பார்த்தோம்.

அப்பா கோலைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தார். திட்டவில்லை. மெதுவாக, "நீ வீட்டுக்குப் போம்மா" என்றார்.

போகிறவள் மவுஸையாவது எடுத்துக்கொண்டு போகலாமே என்று முத்தண்ணனோடு தேடினேன். அவர் ஒவ்வொரு சேலையாக எடுத்து உதறுவார். நான் திரையில் அம்புக்குறி அசைகிறதா என்று பார்ப்பேன். "அசையுதா பாப்பா?" "இல்லண்ணே." குவியல் தீர்ந்தது. அம்புக்குறி பிணம் மாதிரிக் கிடந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மவுஸ் எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. அப்படியென்றால் அது கடையில் இல்லை. முத்தண்ணனிடம் திரும்பினேன்.

"மவுஸுக்கு அடியில போட்டுருந்தேனே ஒரு சுங்குடி, அது எங்கண்ணே?"

முத்தண்ணன் எதிர்க்கடையைப் பார்த்தார். "அது அந்த அத்தைக்குப் பிடிச்சிருக்குன்னாங்க. மடிச்சுப் பையில போட்டுக் குடுத்துட்டேன்" என்றார்.

அப்பா அடித்த ஒவ்வொரு அடிக்கும் கவுண்டர் மேல் நின்ற அத்தை துள்ள, அவர் பைக்குள்தான் மவுஸும் துள்ளியிருக்கிறது. நான் வாசலுக்கு ஓடினேன். அதற்குள் எதிர்க்கடையிலிருந்து ஒரு அலறல் கேட்டது. அங்கே எடுத்த சேலைக்கும் தன் சுங்குடிக்கும் கலர் ஒத்துப்போகிறதா என்று பார்க்க, அத்தை பையிலிருந்ததை எடுத்து உதறியிருக்கிறார். கருப்பாக, வழவழவென்று ஒன்று சிவப்புக் கண்ணோடு வெளியே வந்து அவர் காலில் விழுந்திருக்கிறது. பேரையூர்ப் பட்டாளம் வெளியே பாய்ந்தது. அவர்களுக்குப் பின்னால் அந்தக் கடையில் இருந்த மற்றவர்களும் பாய்ந்தார்கள். கடைசியாக அந்தக் கடைக்காரரே வெளியே வந்து நின்றார், வரவேற்கக் கூப்பிய கை இன்னும் பிரியாமல்.

இப்போது இரண்டு கடைக் கூட்டமும் நடுத்தெருவில் நின்றது. உள்ளே இருந்தது ஒரே ஒரு ஆள், மணப்பெண். அவள் மவுஸைக் கையில் ஏந்திக்கொண்டு வெளியே வந்தாள். உசிலம்பட்டியில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தவளாம். சிரிப்பை அடக்க முடியாமல் அவளுக்குத் தோள் குலுங்கியது.

"பெரியப்பா, இது கம்ப்யூட்டருக்கு வைக்கிற மவுஸ். கடிக்காது."

தலைமையாசிரியர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதுக்கு ஒயரு இருக்கும்ல?" என்றார், தோற்காத குரலில். இதற்கு இல்லை என்று நான் சொன்னேன். "அப்ப எங்கமேல தப்பில்ல" என்று என்னிடம் கொடுத்துவிட்டார்.

எதிர்க்கடைக்குள் மறுபடி போக அவர்களுக்கு வெட்கம். ஊருக்குத் திரும்பவும் முடியாது, பட்டு எடுத்தாக வேண்டும். மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே எங்கள் படியில் ஏறினார். அலமாரியிலிருந்து நான் எடுத்து வைத்த அந்த அரக்கும் மாம்பழமும் சேர்ந்த சேலை, அந்த அமளியிலும் கசங்காமல் கவுண்டர் ஓரத்தில் கிடந்தது. அதையே முகூர்த்தத்துக்கு எடுத்தார்கள். அத்தைக்குச் சுங்குடியை மாற்றிக் கொடுத்தோம். அப்பா மறுபடி எல்லோருக்கும் கலர் சொன்னார். எனக்கும் ஒன்று வந்தது. வீட்டுக்குப் போகச் சொன்னதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

மறுநாள் கடைக்கு வந்தபோது மவுஸின் கழுத்தில், சுங்குடிக்கு முடிச்சுப் போடும் கெட்டியான நூலைச் சுற்றி, மறுமுனையைக் கவுண்டர் காலில் கட்டியிருந்தார் அப்பா. மூன்று முடிச்சு. ஒயர் இல்லாத மவுஸின் அருமை பெருமையெல்லாம் அத்தோடு போயிற்று. அது சேலையில் மாட்டியது, வளையலில் சிக்கியது, கவுண்டருக்கு வெளியே தொங்கியது. செல்லையும் தின்றது.

என் ஜாதகம் பிறகு அதன் போக்கில் போனது, நான் கடையில்தான் இருக்கிறேன். இப்போது கல்லா என்னுடையது. எங்கள் கடைக்கு அழகான பெயர்ப்பலகை உண்டு. ஆனால் பேரையூர் வேன்காரர்களுக்கும் உசிலம்பட்டி பஸ்ஸில் வருகிறவர்களுக்கும் அது எலிக்கடைதான். அந்த அரக்குச் சேலைக்காரி தன் நாத்தனார் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வந்தபோது, தெருமுனையிலிருந்து போன் செய்து, "எலிக்கடைக்கு எப்படிக்கா வரணும்?" என்று என்னிடமே கேட்டாள். வழியும் சொன்னேன்.

அப்பா இன்றும் எந்தச் சேலையையும் பையில் போடுவதற்கு முன் இரண்டு கையாலும் தூக்கி ஒருமுறை நன்றாக உதறிவிட்டுத்தான் கொடுப்பார். விஷயம் தெரிந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார்கள். தெரியாதவர்கள் அது ஏதோ சாங்கியம் என்று நினைத்துக் கைகூப்பி வாங்கிக்கொள்வார்கள். யாராவது காரணம் கேட்டால் அப்பா கண்ணை மூடிக்கொண்டு, "திருஷ்டி போயிரும்" என்பார். அதை யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். இப்போது எதிர்க்கடையிலும் உதறித்தான் கொடுக்கிறார்கள்.