சோறு இல்லாததெல்லாம் கணக்கில் வருமா?

அன்பு மகள் லிகாயாவுக்கு,

இலோய்லோவிலிருந்து அப்பா தெயோதோரோ எழுதுவது. மாதாவின் தயவில் நானும் உன் அம்மாவும் நலம். தோகா ஆஸ்பத்திரியில் ஊருக்கெல்லாம் சாப்பாட்டளவு சொல்லிக் கொடுக்கும் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன்.

"இந்த மாசம் சர்க்கரை குறையலேன்னா, லீவு போட்டுட்டு நானே வந்து அடுப்படியில நிப்பேன்" என்று போனில் மிரட்டினாயே, அதெல்லாம் வேண்டாம். நான் சமாளித்துக்கொள்வேன். நீ சொன்னபடி நாளுக்கு ஆயிரத்து ஐந்நூறு கலோரி, வேளைக்கு ஒரு கோப்பை சோறு, உள்ளங்கை அளவு மீன், தட்டில் பாதி காயும் பழமும் என்று ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். கணக்கு அவ்வளவு அழகாக வந்தது. எடைதான் ஏறியது. சுகாதார நிலையத்து நர்ஸ் எர்லிண்டா பிடித்துக்கொண்டாள். "ஞானஸ்நான விருந்துல பன்சித் நூடுல்ஸ் மூணு தட்டு வாங்கினீங்களே மாமா, அது எங்க கணக்குல?" "சோறு இல்லாம தின்னது எப்படிம்மா சாப்பாடாகும்? அது பலகாரம்" என்றேன். உன் அம்மாவும் என் கட்சிதான். "அதானே! பூசை முடிஞ்சு தெனமும் தின்ன பிபிங்காவைக்கூட நாங்க சேர்க்கலையே!" என்று எனக்கு ஆதரவு சொல்லப்போய், அந்த அரிசி அப்பத்தையும் காட்டிக்கொடுத்துவிட்டாள். எல்லாவற்றையும் கூட்டியதில், காலைப் பலகாரத்தோடேயே என் அன்றைய கலோரி தீர்ந்துபோனது. மிச்சப் பொழுதுக்கு வெள்ளரிக்காய்.

பசி பொல்லாதது, மகளே. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் வாசலில் போகிறவரை "வாங்க, சாப்பிடலாம்" என்பதும், போகிறவர் "இப்பத்தான் ஆச்சு" என்று வயிற்றைத் தட்டிக்காட்டி நடையைக் கட்டுவதும் நம் ஊர் மரியாதை. அன்றைக்குப் பக்கத்து வீட்டில் பன்றி வறுவல். போன்சோ வழக்கம்போல் கூப்பிட்டான். நான் போய் உட்கார்ந்துவிட்டேன். அவன் பெண்டாட்டி கரண்டியும் கையுமாக அப்படியே நின்றாள். "அண்ணே, நெசமாவா?" என்றான். "கூப்பிட்டது நீதானேடா?" என்றேன். மறுநாள் எதிர் வீடு, அதற்கு மறுநாள் தையல்காரி வீடு. இப்போது நம் தெருவே கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறது. திறந்த கதவைத் தேடி அடுத்த தெரு, அதற்கும் அடுத்த தெரு, ஆற்றங்கரை வரைக்கும் நடக்கிறேன். எனக்கு முன்னாலேயே சேதி போய்விடுகிறது. வெறும் வயிற்றோடு திரும்புகிறேன்.

உன் அம்மாவுக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லையாம். அதற்காக நீ கவலைப்படாதே, வராதே, வேலையைப் பார். உன்னைப் பார்த்து மூன்று கிறிஸ்துமஸ் ஆகிவிட்டது என்று இங்கே யாரும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாளாக.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் பரிசோதனை முடிவு வந்தது. சர்க்கரை இறங்கிவிட்டது. தெருத்தெருவாக நடந்ததுதான் காரணமாம். நர்ஸ் கை குலுக்கினாள். நீ வருவாய் என்று உன் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டு வைத்திருந்த உன் அம்மா, இப்போது அதன்மேலேயே உட்கார்ந்து அழுகிறாள். எனக்கும் தாங்கவில்லை. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. முடிவு தப்பு, அடுத்த வாரம் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும் என்று நர்ஸிடம் சண்டை போட்டுச் சம்மதிக்க வைத்துவிட்டேன். பானை நிறையச் சோறு பொங்கியாயிற்று. நீ டிக்கெட் எடு.