போர்மேன் வளர்த்த பிள்ளைகள்

பட்டாசுத் தொழிற்சாலைக்கு என்று சர்க்கார் போட்டிருக்கும் ரூல்கள் அத்தனையும் ஒன்று விடாமல் கடைப்பிடிக்கப்பட்ட கட்டடம், சிவகாசி வட்டாரத்தில் நான் பார்த்தவரை ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் எதிர்வீடு. அங்கே யாரும் பட்டாசு செய்யவில்லை. இரண்டு பிள்ளைகளை வளர்த்தார்கள்.

வளர்த்தவருக்குச் சொந்தப் பெயர் உண்டு. ஆனால் பெண்டாட்டி உட்பட எல்லோருக்கும் அவர் போர்மேன்தான். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அந்த வேலை. மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். தெருவுக்கே அவர் சிஸ்டர். மூத்தவள் எஸ்தர், இளையவன் சாம். கம்பெனியில் போர்மேன் தொண்டை கிழியக் கத்தினாலும் ரூலைக் காதில் வாங்க ஆள் கிடையாது. சீசனில் ஆர்டர் குவிந்தால் ஒரு ரூமில் நாலு பேர் இருக்க வேண்டிய இடத்தில் பத்துப் பேர் உட்காருவார்கள், மரத்தடியில்கூட வெடிமருந்து அடைப்பார்கள். பாவம், மனுஷன் என்னதான் செய்வார்? சாயங்காலம் கம்பெனி வேனில் வந்து இறங்கி, அங்கே செல்லுபடியாகாத ரூலையெல்லாம் இங்கே பெற்ற பிள்ளைகள் தலையில் கட்டினார்.

சாமுக்குப் பிறந்தநாள் வந்தது. தெருப் பிள்ளைகள் எல்லாம் சட்டை மாற்றிக்கொண்டு போனார்கள். வாசலில் போர்மேன் கையை நீட்டி மறித்தார்.

"ஏலே, உள்ள நாலு பேரு ஆயாச்சு. மத்தவனெல்லாம் அங்கன நில்லு. ஒருத்தன் வெளிய வந்தா ஒருத்தன் உள்ள போலாம்."

நெருப்பு கூடாது என்பதால் கேக்கில் மெழுகுவர்த்தியும் கிடையாது. கடைசியாக உள்ளே போன என் மகனுக்குக் கிடைத்தது கேக் வைத்திருந்த அட்டை.

அந்த வீட்டுக் கதவுகள் வெளிப்பக்கமாகத்தான் திறக்கும். ஆபத்து என்றால் தள்ளிக்கொண்டு ஓட வேண்டுமாம். தெருவோ குறுகல். நெற்றியில் வீக்கத்தோடு யார் வந்தாலும், "என்ன, போர்மேன் வீட்டுப் பக்கம் போனீகளோ?" என்று கேட்பது எங்கள் வழக்கமாகிவிட்டது. எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் இல்லை, குளியலறைக்கும் சேர்த்துத்தான். உள்ளே இருப்பவர் இருப்பதைத் தெரிவிக்கப் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். சிஸ்டருக்கு அத்தனை கீர்த்தனைகளும் மனப்பாடமானது கோயிலில் அல்ல.

வாசலில் ஒரு செம்புத் தகடு. உடம்பில் தங்கியிருக்கும் கரண்ட் இறங்க வேண்டும் என்று, வருகிறவர்கள் அதைத் தொட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். ஜெபம் பண்ண வந்த பாஸ்டரே தொட்டார். நைலக்ஸ் புடவை கட்டியவர்கள் தொட்டும் பயனில்லை, வாசலோடு சரி. பள்ளிக்கூட யூனிபார்ம் பாலியெஸ்டர் என்று தலைமையாசிரியரிடம் போய்ச் சண்டை போட்டு, பிள்ளைகளுக்கு மட்டும் பருத்தியில் தைத்தார். நாடு முழுக்க வெடி செய்து அனுப்பிய மனுஷன் வீட்டில், சாம் கம்பி மத்தாப்பைப் பார்த்தது பெட்டி மேல் ஒட்டும் லேபிளில்தான்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது இன்னொன்று. வெயில் ஏறிவிட்டால் மருந்தைத் தொடக் கூடாது என்பதால், உச்சி வெயிலில் புருஷன் பெண்டாட்டி சண்டையும் கூடாது. சிஸ்டர் மத்தியானம் வந்த கோபத்தைப் பத்திரமாக எடுத்து வைத்து, வெயில் தாழ்ந்ததும் ஆரம்பிப்பார். நாங்களும் காபியோடு எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்துகொள்வோம்.

இப்படியெல்லாம் சிரித்தோமே தவிர, போர்மேன் ஏன் இப்படி ஆனார் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. சிஸ்டருக்கு வேலை தீக்காய வார்டில்.

எஸ்தர் வளர்ந்து டீச்சரானாள். கூட வேலை பார்த்த விருதுநகர்ப் பையனைப் பிடித்திருந்தது, அவனுக்கும் அப்படியே. அதற்கு முன் பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் செம்புத் தகடு வரைக்கும் வந்து திரும்பிப் போயிருந்தன. அதனால் பையன் வீட்டார் வருகிற அன்று காலை, நாற்காலி கொடுக்கப் போன என் முன்னாலேயே எஸ்தர் அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, இன்னிக்கு ஒரு நாளு மட்டும் கம்பெனிய வீட்டுக்குள்ள கொண்டு வராதீக. இதுவும் போச்சுன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்."

"வாயத் தொறக்க மாட்டேம்மா" என்றார் போர்மேன். செம்புத் தகட்டை அவரே கழற்றிக் கட்டிலுக்கடியில் வைத்தார்.

வேன் நிறைய வந்து இறங்கினார்கள். பையனின் அம்மா தலைமையாசிரியை. ஜரிகை மினுங்கும் பட்டுப்புடவை. தொடுவதற்குத் தகடும் இல்லாமல் அவர் உள்ளே போகும்போது போர்மேன் கண்ணை மூடிக்கொண்டார். சின்ன ஹாலில் மாமா, சித்தி, பாஸ்டர், பிள்ளைகள் என்று முண்டியடித்து உட்கார்ந்தார்கள். போர்மேனின் உதடு மட்டும் அசைந்தது, ஆட்களை எண்ணுகிறார். சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. சிஸ்டர் கண்ணாலேயே அவரைப் பிடித்து உட்கார வைத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் புழுதிக் காற்று கிளம்பியது. பையனின் தாய்மாமா எழுந்து போய் வாசல் கதவை இழுத்து அடைத்தார். தாழ்ப்பாள் இல்லை என்றதும், துண்டை உருவிக் கைப்பிடியை ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டினார்.

அவ்வளவுதான்.

"வெளிய போங்க! எல்லாரும் வெளிய ஓடுங்க!"

வேறு ஊராக இருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார்கள். எங்கள் மாவட்டத்தில் ஒரு போர்மேன் ஓடு என்றால் ஓடுவதுதான் வழக்கம். துண்டு கிழிந்தது, கதவு பறந்து திறந்தது, பாஸ்டர் முதலில் வந்தார். அவர்களைப் பார்த்து, எங்கள் வாசலிலிருந்து ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் ஓடினோம். எங்களைப் பார்த்துப் பக்கத்து அச்சாபீஸ்காரர்கள் மிஷினை ஓடவிட்டுவிட்டு ஓடினார்கள். தெருமுனையில் நின்று திரும்பிப் பார்த்தால், வீடு கல்லுப்போல் அப்படியே இருக்கிறது. கடைசி ஆள் வரும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற போர்மேன், "கதவ அடைச்சுக் கட்டிட்டாக, அதான்..." என்று முனகினார்.

பட்டுப்புடவையோடு புழுதியில் விழுந்து கிடந்த தலைமையாசிரியை எழுந்தார். "இது குடும்பமா, கிறுக்குக் கூட்டமா? எடுங்க வேனை! எங்க என் மகன்?"

மகனைக் காணோம். சந்துப் பக்கமிருந்து வந்தான். எல்லோரும் வெளியே ஓடியபோது அவன் மட்டும் அடுப்படிக்குள் ஓடியிருக்கிறான். எஸ்தரின் கையைப் பிடித்துப் பின்வாசல் வழியாக இழுத்துக்கொண்டு வந்திருக்கிறான். அவளுடைய இன்னொரு கையில் வெறும் காபித் தட்டு.

"பெத்தவ இங்கன மண்ணுல கிடக்கேன், நீ அவளக் கூட்டிட்டு வாரியாக்கும்!"

"உங்களத் தூக்க இம்புட்டுப் பேரு இருக்காகம்மா. அவ அடுப்புப் பக்கத்துல நின்னா."

அந்த அம்மாள் கோத்த கைகளைப் பார்த்தார். பிடித்த கையை அவன் விடவில்லை, தெருவே பார்த்துக்கொண்டு நிற்கிறது. இனி எதைப் பெண் பார்ப்பது? "சரி, காபியாவது மறுபடி போடச் சொல்லுங்க" என்றார், புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டே.

போர்மேன் பையனிடம் போனார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்றுதான் நினைத்தோம்.

"தம்பி, ஆபத்துன்னா உள்ள ஓடக் கூடாது. வெளியதான் ஓடணும். வாத்தியாரு வேல பாக்கீக, இது தெரியாதா?"

"அப்பா!" என்று எஸ்தர் பல்லைக் கடித்தாள்.

"இல்லம்மா, சொல்லணும்ல. உள்ள ஓடுனவக யாரும் திரும்பி..." அந்தப் பையனுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நின்று அழுதார். அழுதுகொண்டே அவன் விரல்களைத் திருப்பித் திருப்பி, எங்கேயாவது சுட்டிருக்கிறதா என்று பார்த்தார். எத்தனையோ வருஷமாக நான் கேலி செய்த மனுஷன்தான். அவருக்கு நான் மகனாகப் பிறந்திருக்கக் கூடாதா என்று அன்றைக்கு எனக்கு ஏக்கமாக இருந்தது.