விமானத்தைச் சுட்டிய வழக்கு

ஸ்ரீரங்கம் கோயிலின் மொட்டைமாடியில் நின்றால், கருவறைக்கு மேலே பொன் போர்த்திய விமானம் தெரியும். ஓய்வுபெற்ற தமிழ் விரிவுரையாளர் அரவிந்தவல்லி, வாரத்தில் நான்கு மாலை வெளியூர்க்காரர்களை அங்கே கூட்டிக்கொண்டுபோய், எது கலசம், எது பரவாசுதேவர் உருவம் என்று காட்டுவாள். கணவர் போனபின் மாலை ஐந்து மணி மிகவும் நீண்டுவிட்டது. அதைக் கொஞ்சம் நறுக்கிக்கொள்ள ஏற்பட்ட பழக்கம். விரலால் காட்டினால் ஆளுக்கொரு திசையில் பார்க்கிறார்கள் என்று பச்சை லேசர் விளக்கு ஒன்றும் வாங்கியிருந்தாள்.

ஒரு வாரம், திருச்சியில் இறங்க வந்த ஒரு விமானி, காவிரிக்கு மேலே பச்சை ஒளி கண்ணில் பட்டதாக எழுதிக்கொடுத்துவிட்டார். விமானத்தின் மேல் லேசர் அடிப்பது சிறைவரைக்கும் கொண்டுபோகும் குற்றம். ஓட்டுகிறவர் கண் கூசினால் உள்ளே இருப்பவர்கள் கதி என்ன என்று யோசித்துப் போட்ட நல்ல சட்டம்தான். நல்ல சட்டமும் யாராவது ஒருவர் கையில்தானே கிடைக்கிறது.

இது ‘ஒளிக்கதிர்க் குற்றத் தடுப்புச் சிறப்புப் பிரிவு’ சப்-இன்ஸ்பெக்டர் ரெங்கராஜ் கையில் கிடைத்தது. பிரிவு தொடங்கி ஏழு மாதம். ஒரு பெயர்ப்பலகை, இரண்டு நாற்காலி, ரைட்டர் ஜோதி. வழக்கு மட்டும்தான் இல்லாமலிருந்தது.

மொட்டைமாடியில் பச்சை லேசரோடு நிற்கிற அம்மா என்று யாரோ சொல்லி, விசாரணைக்கு வரச்சொன்னார்கள். அரவிந்தவல்லி புதன்கிழமை காலை அங்கே போய் உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குச் சிங்கப்பூர் விமானம். மகள் மைத்ரேயிக்குத் தலைப்பிரசவம். வழக்குப் பதிவானால் பயணம் நின்றுபோகும் என்று ஜோதி வாசலிலேயே சொல்லியிருந்தாள்.

“லேசர் அடிச்சீங்களா?” என்றார் ரெங்கராஜ்.

“அடிச்சேன்.”

“எது மேல?”

“விமானத்து மேல.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கேட்காமல் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டது அவர் சர்வீஸில் இதுவே முதல் தடவை.

“எத்தனை தடவை?”

“வாரத்துல நாலு நாள். மூணு வருஷமா.”

“ஒரே விமானமா?”

“அங்க இருக்கறதே ஒண்ணுதானே.”

“உள்ள எத்தனை பேரு?”

“பெருமாள் மட்டும்தான். சயனிச்சுண்டிருக்கார்.”

ஜோதி எழுதுவதை நிறுத்தினாள். “சார், அம்மா கோயில் விமானத்தைச் சொல்றாங்க.”

“தெரியுது ஜோதி. நான் துறையூர்க்காரன்தான், வேத்து நாட்டுக்காரன் இல்ல. வாக்குமூலத்துல என்ன இருக்கு? விமானம். சட்டத்துல என்ன இருக்கு? விமானம். எழுத்துக்கு எழுத்து பொருந்துதுல்ல?”

“முன்னாடி ‘கோயில்’னு சேர்த்துக்கலாமே சார்.”

“வாக்குமூலத்துல கை வைக்கச் சொல்றியா?”

“அது பறக்காது சார்,” என்றாள் அரவிந்தவல்லி.

“பறக்காதுன்னு சர்டிபிகேட் இருக்கா?”

இல்லை. ஆகவே ‘வான்பொருள் சரிபார்ப்புக் கிளை’ என்ற அலுவலகத்துக்கு, பொருளில் கண்ட விமானம் பறக்கும் தன்மையுடையதா எனத் தெரிவிக்குமாறு கடிதம் போனது. வெள்ளிக்கிழமை பதில் வந்தது. மேற்படி விமானம் தங்கள் பதிவேட்டில் காணப்படவில்லை என்றும், எனவே அது உரிய அனுமதியின்றி மேலே நிற்பதாகக் கருத இடமுண்டு என்றும் அதில் கண்டிருந்தது.

ஜோதி அதை இரண்டு தடவை படித்தாள். “அம்மா, கேஸ் ரெண்டாயிடுச்சு.”

அரவிந்தவல்லிக்குக் கண் கலங்கியது. ரெங்கராஜ் கெட்டவர் இல்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஒரு வழி இருக்கு மேடம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் லேசர் ஒழிப்பு விழிப்புணர்வு விழா வைக்கிறோம். அதுக்கு ஒரு வாசகம் வேணும். நீங்க தமிழ் படிச்சவங்க. எழுதிக் குடுத்தீங்கன்னா, மனம் திருந்தியவர்னு போட்டு ஃபைலை மூடிடலாம்.”

“நான் அன்னிக்கு ஊர்ல இருக்கமாட்டேனே.”

“நீங்க வேணாம். வாசகம் போதும்.”

அவளிடம் கடைசியாக ஒரு வரி எழுதித் தரச் சொன்னது பணி ஓய்வு விழாவில். அதுவும் அவளுக்கான வாழ்த்தையே. சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்தாள். எழுதினாள், அடித்தாள், மாடியில் நடந்தாள். பொழுது சாயும் நேரத்தில் எதுகை தானாக வந்து விழுந்தது.

*ஒளிக்கதிரை எறியாதீர், வான்வழியை மறியாதீர்.*

ரெங்கராஜ் சத்தம் போட்டு வாசித்தார். ஜோதி கையைத் தட்டினாள். கோப்பு மூடப்பட்டது.

ஞாயிறு மாலை ஆறரை. அரவிந்தவல்லி ஏறியிருந்த சிங்கப்பூர் விமானம் ஓடுபாதைப் பக்கம் மெல்ல நகர்ந்து, நின்றது. ஜன்னல்கள் எல்லாம் பச்சையாயின. வெளியே அளவுக்கு மீறிய வெளிச்சம் இருப்பதால் புறப்பாடு தாமதமாகும் என்று விமானி அறிவித்தார்.

இப்போதெல்லாம் கல்யாணம், காதுகுத்து, கட்சிக்கூட்டம் எதுவானாலும் வானத்தில் லேசர் காட்டாவிட்டால் விழாவென்று யாரும் மதிப்பதில்லை. சிறப்புப் பிரிவும் மதிப்பை எதிர்பார்த்தது. குற்றம் எங்கே நடக்கக்கூடுமோ அங்கேதான் விழிப்புணர்வு தேவை என்று, விமான நிலையத்தை ஒட்டிய மைதானத்தையே பிடித்திருந்தார்கள். தாழ்ந்து நின்ற மழைமேகத்தில், யானை உயர எழுத்துகளில், அவளுடைய வரி ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளே எல்லாரும் போனை ஜன்னலில் வைத்துப் படம்பிடித்தார்கள். பின்னால் யாரோ விசிலடித்தார்கள்.

“சூப்பரா எழுதியிருக்கான், யாருன்னு தெரியல,” என்றார் பக்கத்து இருக்கையிலிருந்த பாக்கியநாதன். மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைக்காரர், ஏறும்போதே அறிமுகப்படுத்திக்கொண்டவர்.

“நான்தான்,” என்றாள் அரவிந்தவல்லி. சொல்லிவிட்டு இன்னொருமுறை மேலே பார்த்தாள். முகம் சுருங்கியது.

கைப்பேசியில் மகளின் செய்தி வந்து நின்றது: ‘கிளம்பியாச்சாம்மா? வலி ஆரம்பிச்சாச்சு.’

அவள் ரெங்கராஜைக் கூப்பிட்டாள்.

“மேடம், ஃபிளைட்லேர்ந்து தெரியுதா?” பின்னால் நாதஸ்வரம் கேட்டது. “ஜனங்க அள்ளுது.”

“தெரியறது.” அணைக்கச் சொல்லுங்கள் என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் மேகம் மறுபடி பளிச்சிட்டது. “சார், ‘ஒலிக்கதிர்’னு போட்டிருக்கேளே. சின்ன ‘லி’. பெரிய ‘ளி’ வரணும்.”

“அடடா.” அவர் யாரிடமோ பேசிவிட்டுத் திரும்பினார். “ஆபரேட்டர் மாத்தறதுக்கு அரை மணி ஆகுங்கறார். அதோட இன்னொரு தடவை முழுசா ஓட்டணுமாம். பரவாயில்லையா மேடம்?”

விமானி இரண்டாவது முறையாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அரவிந்தவல்லி மகளுடைய செய்தியைப் பார்த்தாள். மேகத்தைப் பார்த்தாள்.

“பரவாயில்ல,” என்றாள். “திருத்தாம மட்டும் அணைச்சுடாதீங்கோ.”